அங்க மச்ச அடையாளம்

ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டுக்கு எதிர்ச்சாரியில் இருக்கிறது என் கடை. ஜெராக்ஸ், டைப்பிங், ஆன்லைன் மனு. இருபத்திரண்டு வருஷமாக ஊரார் வம்பு வழக்கையெல்லாம் தட்டித் தட்டி எனக்கு விரலும் தேய்ந்தது, பொறுமையும் தேய்ந்தது. ‘டைப்பிங் ஜெபா மூஞ்சியில சிரிப்பே கிடையாது’ என்று வக்கீல் குமாஸ்தாக்கள் பேசிக்கொள்வார்கள். பேசட்டும். பதினொன்றரைக்கு வாய்தா இருக்கிற மனுஷன் பதினொன்று இருபதுக்கு வந்து, “யக்கா, நாலு பக்கம்தான், சட்டுன்னு அடிச்சுக் குடு” என்று நின்றால் எவளுக்குச் சிரிப்பு வரும்?

சுடலையம்மாள் வந்தது சித்திரை மாதத்துத் திங்கட்கிழமை ஒன்றில். காலை பத்து மணிக்கே ரோட்டில் தார் இளகுகிற வெயில். கடைக்குள் வராமல் வாசலிலேயே நின்று, கண்ணாடியில் ஒட்டியிருந்த விலைப்பட்டியலை எழுத்துக்கூட்டிக்கொண்டிருந்தாள். நாற்பது வயது இருக்கும். இரண்டு கையிலும் முன்கை முழுக்கக் கருகல் கருகலாகத் திட்டுகள். ராஜபாளையத்துக்காரி என்று அந்தக் கையைப் பார்த்தே எனக்குத் தெரிந்துவிட்டது. மாங்காய்ச் சீசனில் தோப்பு வேலைக்குப் போகிறவர்கள் கை அப்படித்தான் இருக்கும். காம்பை ஒடித்ததும் பீய்ச்சி அடிக்கிற பால் பட்ட இடம் வெந்துபோகும்.

“என்னம்மா, ஜெராக்ஸா?”

“இல்லக்கா. ஒரு ஆளத் தேடணும்.”

“ஆளத் தேட எங்கிட்ட எதுக்கு வந்த? போலீஸ் ஸ்டேஷனுக்குப் போ.”

“போலீஸ்தான்க்கா கூட்டிட்டுப் போனாக.”

எனக்குச் சுருக்கென்றது. உள்ளே வந்து உட்காரச் சொல்லி, ஃபேனை அவள் பக்கம் திருப்பிவிட்டேன்.

வெள்ளிக்கிழமை காலையில் நடந்தது அது. ராஜபாளையத்துக்கு மேற்கே மலையடிவாரத் தோப்பில் அவள் புருஷன் இருளப்பசாமி மரத்து மேல் இருந்து தொரட்டியால் காய் இறக்கிக்கொண்டிருந்திருக்கிறான். கீழே இவளும் இன்னும் நாலு பொம்பளைகளும் காம்பு ஒடித்து, பால் வடியக் காயைக் கவிழ்த்து அடுக்கிக்கொண்டிருந்தார்கள். ஒரு பைக்கில் இரண்டு போலீஸ்காரர்கள் வந்து இறங்கினார்கள்.

“‘இருளப்பசாமி யாருலே?’ன்னாக. ‘நான்தான்யா’ன்னு மரத்துல இருந்தே சொன்னாவ. ‘அப்பன் பேரு?’ ‘மலைச்சாமி’. ‘எறங்கு. கோர்ட்டு வாரண்டு இருக்கு’ன்னாக. செருப்பக்கூட மாட்டலக்கா. ‘செத்த நேரத்துல வந்துருதேன், அந்தக் கடைசிச் சாக்கு வெயில்ல கெடக்கு, நெழலுக்கு இழுத்துப் போடு’ன்னு சொல்லிட்டுப் போனாவ. இன்னையோட நாலு நாளு.”

“நாலு நாளா என்ன பண்ணுன?”

“எங்க நாத்தனா வீட்டு அண்ணன் ரிட்டையர் ஏட்டு. வீரணன்னு பேரு. ‘நம்ம டிப்பார்ட்மெண்டு, நான் ஒரு போனப் போட்டா முடிஞ்சுது. நீ மனு கினுன்னு எங்கயும் போயி நின்னுராத. நம்ம சாதிசனத்துல வீட்டுக்கு ஒரு காக்கிச்சட்டை. நாமளே போலீஸுக்கு எதிரா எழுதிக் குடுத்தா வெளிய தலகாட்ட முடியுமா?’ன்னாக. கேட்டுக்கிட்டேன். சனிக்கிழமை பொறுக்கமாட்டாம அவுகளுக்குத் தெரியாம இங்க சப்ஜெயிலுக்கு வந்தேன். அப்படி ஒரு ஆளு வரலன்னுட்டாக. நேத்து விருதுநகரு ஜெயிலுக்குப் போனேன். அங்கயும் இல்ல.”

எந்த ஸ்டேஷன் என்று கேட்டேன். சொன்னாள். அந்தப் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை; நாளைக்கும் நான் இந்த ஊரில் கடை திறக்க வேண்டும். ஆனால் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அழைத்துப் போகிறவர்கள் எந்த வழக்கு, எந்தக் கோர்ட்டு என்று ஒரு துண்டுச் சீட்டு வீட்டுக்காரர்கள் கையில் கொடுக்க வேண்டும் என்பது சட்டம். அதைக் கேட்டு வாங்க வேண்டிய ஏட்டையாவோ கௌரவம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

“சரி, கோர்ட்டு வாரண்டுன்னு சொன்னாகள்ல? அப்ப கோர்ட்டு சைட்ல இருக்கும். பேரச் சொல்லு, போட்டுப் பாப்போம்” என்று கம்ப்யூட்டரைத் திருப்பினேன்.

இருளப்பசாமி என்று அடித்தேன். பதினாலு இருளப்பசாமி வந்தார்கள். மலைச்சாமி மகன் இருளப்பசாமி என்று சலித்தேன். மூன்று பேர் நின்றார்கள்.

“என்னட்டி இது? ஒரே அப்பன் பேரு, ஒரே மகன் பேரு!”

“எங்க வகையறாவுல மூத்த பயலுக்குத் தாத்தா பேருதான்க்கா வைக்கணும். இருளப்பசாமி மகன் மலைச்சாமி, மலைச்சாமி மகன் இருளப்பசாமி. மாத்தி வச்சா சாமி கோவிக்கும்பாக. எங்க தெருவுலயே மூணு பேரு இருந்தாக. எங்க வீட்டுக்காரரு தோப்பு இருளப்பன். மில்லுக்குப் போறவரு மில்லு இருளப்பன். இன்னொருத்தன் கொத்தன் இருளப்பன், அவன் கேரளாவுக்குப் போயி எட்டு வருசமாச்சு.”

தெருவுக்குத் தெரியும் யார் தோப்பு, யார் கொத்தன் என்று. கோர்ட்டுக் கட்டில் அதெல்லாம் ஏது? மூன்றில் ஒன்று பாகப்பிரிவினை. இன்னொன்று லைசென்ஸ் இல்லாமல் வண்டி ஓட்டியது, பழைய அபராதம். மூன்றாவதைத் திறந்ததும் எனக்குக் கை நின்றுவிட்டது. 2015-ல் பங்குனிப் பொங்கல் சமயம் நடந்த அடிதடி, ஒருவனுக்கு மண்டை உடைந்திருக்கிறது. நாலாவது எதிரி இருளப்பசாமி. ஏழெட்டு வருஷமாக வாய்தாவுக்கு வராமல் பிடிவாரண்டு. கடைசிப் பதிவு போன வெள்ளிக்கிழமை: எதிரி பிடித்துக் கொண்டுவரப்பட்டார், ரிமாண்ட்.

“உன் வீட்டுக்காரர் எவன் மண்டையையாவது உடைச்சாரா?”

“அவியளா? கோழிய வெரட்டக்கூட சத்தம் போட மாட்டாவக்கா!”

வழக்கு எண்ணைக் குறித்துக்கொண்டு மதுரை மத்திய சிறைக்குப் போன் போட்டேன். இங்கே இல்லை, விருதுநகரில் இல்லை என்றால் வேறு எங்கே? மூன்று தடவை அடித்து அடங்கி, நாலாவது தடவை ஒரு ஆண் குரல் எடுத்தது. பேர், தகப்பன் பேர், வழக்கு எண், கோர்ட்டு, எல்லாம் ஒப்பித்தேன். ஏடு புரட்டுகிற சத்தம் கேட்டது.

“இருக்காரும்மா. வெள்ளிக்கிழமை சாயந்தரம் வந்திருக்காரு.”

சுடலையம்மாள் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். “சாப்பிட்டாவளான்னு கேளுங்கக்கா.”

அதையெல்லாம் ஜெயிலில் கேட்பார்களா என்று வாய் வரைக்கும் வந்தது. கேட்டேன். அந்தப் பக்கத்தில் ஏட்டை மூடி வைக்கிற சத்தம் கேட்டது. பிறகு, “சாப்பிட்டாரும்மா, காலைல பொங்கல்” என்றார் அந்தப் புண்ணியவான். சுடலையம்மாள் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். நாலு நாளாக அடக்கி வைத்த அழுகை. நான் கடை வாசல் திரையை இழுத்து விட்டேன்.

அழுது முடித்ததும் ஒரு மனு அடித்தேன், வழக்குக் கட்டிலிருந்து எஃப்.ஐ.ஆரும் கைது அட்டையும் அவசர நகல் வேண்டும் என்று. கையெழுத்துப் போடச் சொன்னதும் பேனாவை வாங்கி வைத்துக்கொண்டு யோசித்தாள்.

“அண்ணன் கோவிப்பாகளே...”

“ஏட்டி, உள்ள கெடக்குறது உன் புருசனா, உங்க அண்ணன் மரியாதையா?”

மளமளவென்று போட்டாள். எழுத்து கோணலாக இருந்தாலும் அழுத்தமாக, அடுத்த தாளிலும் பதிகிற மாதிரி இருந்தது. அவளைக் கையோடு இலவச சட்ட உதவி மையத்துக்குக் கூட்டிப்போய், பானுப்பிரியா என்கிற வக்கீல் பெண்ணிடம் ஒப்படைத்தேன். சின்னப் பெண், கோட்டு இன்னும் புதுசு மணம் மாறவில்லை. ஆனால் சொன்னதைக் காது கொடுத்துக் கேட்கிற பெண்.

மறுநாள் சுடலையம்மாள் மதுரைக்குப் போய் மனுப் போட்டுப் புருஷனைப் பார்த்துவிட்டு வந்தாள். புதன்கிழமை மத்தியானம் கடையில் உட்கார்ந்து அதைச் சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்குப் புளிச்சோறும் மாங்காய்த் துவையலும் கொண்டுவந்திருந்தாள். அந்தத் துவையலுக்காகவே இன்னும் நாலு வழக்கு எடுக்கலாம்.

“‘அந்தச் சண்டைக்கும் எனக்கும் சம்பந்தம் இல்லன்னு ஏன் சொல்லல?’ன்னு கேட்டேன்க்கா. ‘சண்டன்னு எங்க கேட்டாக? இருளப்பசாமியான்னு கேட்டாக, ஆமான்னேன். மலைச்சாமி மகனான்னாக, ஆமான்னேன். இல்லன்னு பொய்யா சொல்லச் சொல்லுத?’ங்காவ. அதுக்கு மேல, ‘கடைசிச் சாக்க நெழலுக்கு இழுத்தியா?’ன்னு வேற ஒரு கேள்வி.”

“நல்ல மனுசனத்தான் கட்டியிருக்க, போ!”

அப்போது பானுப்பிரியா வியர்க்க விறுவிறுக்க ரோட்டைத் தாண்டி ஓடி வந்தாள். நகல் கிடைத்துவிட்டது. கைது அட்டையை என் மேஜையில் வைத்தாள். பத்து வருஷத்துக்கு முந்தைய கையெழுத்து, பாதி மங்கல். நான் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு சத்தமாக வாசித்தேன்.

“வயது இருபத்தேழு. உயரம் நூற்று அறுபத்தெட்டு. அங்க மச்ச அடையாளம்: ஒன்று, இடது தோள்பட்டையின் பின்புறம் ஒரு கருப்பு மச்சம். இரண்டு, வலது முன்கையில் தீக்காயத் தழும்பு.”

சுடலையம்மாள் துவையல் டப்பாவை மூடி ஓரமாக வைத்தாள்.

“மச்சத்த இன்னொருக்கா வாசிங்கக்கா.”

வாசித்தேன்.

“இது இவிய இல்ல” என்றாள். குரல் அமைதியாகத்தான் வந்தது. அப்புறம்தான் எழுந்து நின்றாள். “இவிய இல்லக்கா! சனிக்கிழமை சனிக்கிழமை அந்த முதுகுல எண்ணெ தேச்சு விடுதவ நானு. பத்தொம்பது வருசம்! வேர்க்குரு வந்த எடங்கூட எனக்குத் தெரியும். அந்தத் தோள்ல மச்சம் கெடையவே கெடையாது. இது கொத்தன் இருளப்பன்! எங்க வீட்டுக்குப் பூச்சு வேல பாத்தவன். சட்டையில்லாமதான் நிப்பான். நவ்வாப்பழம் கணக்கா அவன் தோள்லதான் இருக்கும்!”

பானுப்பிரியா சந்தோஷத்தில் கை தட்டினாள். சட்டென்று நிறுத்தி, “அக்கா, ரெண்டாவது அடையாளம்? உங்க வீட்டுக்காரர் கைல தழும்பு இருக்கா?” என்று கேட்டாள்.

சுடலையம்மாள் முகம் விழுந்துவிட்டது. “இருக்கு. மாங்கா பாலு பட்டது.”

நாங்கள் மூன்று பேரும் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தபோது வாசல் மறைந்தது. மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை, முறுக்கிய மீசை, கறுப்பு பாலிஷ் போட்ட ஷூ. சொல்லாமலே தெரிந்தது, ரிட்டையர் ஏட்டு வீரணன்.

“தாயி, உன்ன என்ன சொன்னேன்? நீ இங்க வந்து மனு எழுதிக்கிட்டு இருக்க. ஸ்டேஷன்ல இருந்து எனக்குப் போனு வருது. ‘என்ன ஏட்டையா, உங்க வீட்டு ஆளே நகல் கேட்டு மனுப் போட்டிருக்காகளாமே?’ங்கான். எனக்கு நாக்கப் புடுங்கிக்கலாம் போல இருக்கு.”

“ஏன் ஏட்டையா, இத்தன நாளா நீங்க போட்ட போனுக்கு அவன் என்ன சொன்னான்?” என்று நான் குறுக்கே விழுந்தேன்.

“நீ சும்மா இரும்மா. இது குடும்ப விசயம்.”

“குடும்ப விசயத்த என் கடையில வந்து பேசுனா நானும் பேசுவேன்.”

சுடலையம்மாள் என்னைக் கையமர்த்தினாள். அவரை நேராகப் பார்த்தாள். அவர் முன்னால் அவள் இப்படி நின்றதே இல்லை என்பது அவர் விழித்ததில் தெரிந்தது.

“அண்ணே, ஒண்ணு கேக்கேன். தெருவுல மூணு இருளப்பன். போலீஸ்காரவுக வீட்டுக்கு வரல, விசாரிக்கல. நேரா தோப்புக்கு வந்து, நேரா அந்த மரத்தடிக்கு வந்தாக. அவுகளுக்கு யாரு வழி சொன்னது?”

வீரணன் கைக்குட்டையை எடுத்துக் கழுத்தைத் துடைத்தார். ஃபேன் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

“சொல்லுங்கண்ணே.”

அவர் ஸ்டூலில் உட்கார்ந்தார். மீசை அப்படியே இருந்தது. மனுஷன் மட்டும் பாதியாகிவிட்டார். “வியாழக்கிழமை ஒரு பய போன் பண்ணுனான், தாயி. ‘ஐயா, இருளப்பசாமி, மலைச்சாமி மகன், உங்க தெருவா?’ன்னான். நம்ம அனுசியா போலீஸ் வேலைக்குப் பரீச்சை எழுதிருக்கால்ல... உம்மக, என் மருமக. அதுக்குத்தான் வெரிபிகேஷன்னு நெனச்சுட்டேன். நம்ம வீட்டுல அடுத்த காக்கிச்சட்டைன்னு ஒரே சந்தோசம். ‘ஆமாலே, எம் மச்சினன்தான், தங்கமான மனுசன், காலைல தோப்புல இருப்பான்’னு எடம், மரம் எல்லாம் சொன்னேன். எதுக்குக் கேக்கேன்னு ஒரு வார்த்த கேக்கல. வெள்ளிக்கிழமை தெரிஞ்சப்ப... எப்படிச் சொல்லுவேன்? நானே புடிச்சுக் குடுத்துட்டேன்னு எந்த வாயால சொல்லுவேன்?”

எனக்கு அந்த ஆளைப் பிடித்து உலுக்க வேண்டும் போலவும் இருந்தது, பாவமாகவும் இருந்தது. சுடலையம்மாள் கத்தவில்லை. கத்தியிருந்தால் அவருக்கு லேசாக இருந்திருக்கும்.

“இந்த வாயாலதான் சொல்லணும். எங்கிட்ட இல்ல, கோர்ட்டுல” என்றாள். “அக்கா, அண்ணன் சொல்லச் சொல்ல அடிங்க.”

அடித்தேன். நிமிஷத்துக்கு அறுபது வார்த்தை அடிக்கிற கை எனக்கு. அன்றைக்கு அவருடைய திக்கலுக்கெல்லாம் நின்று நின்றுதான் அடிக்க முடிந்தது. கடைசியில் கையெழுத்துப் போடும் இடத்தில், ‘தலைமைக் காவலர், ஓய்வு’ என்று போட்டிருந்ததைத் தடவிப் பார்த்துவிட்டுக் கையெழுத்திட்டார்.

வெள்ளிக்கிழமை இருளப்பசாமியை மதுரையிலிருந்து கொண்டுவந்தார்கள். நான் கடையைப் பூட்டிவிட்டுக் கோர்ட்டுக்குள் போனேன். இருபத்திரண்டு வருஷத்தில் வழக்கு நாளில் நான் கடை பூட்டியது அதுதான் முதல் தடவை. ‘ஜெபாக்கா, ஒரு ஜெராக்ஸ்’ என்று பின்னாலேயே வந்த குமாஸ்தாவை, “வேற கடையப் பாருய்யா” என்றேன்.

ஒல்லியான, கறுத்த, தரையைப் பார்த்து நடக்கிற மனுஷன். கூண்டில் ஏறியதும் பெண்டாட்டியைத் தேடி, கண்டதும் லேசாகத் தலையசைத்தான். நீதிபதி ஒரு அம்மா. பானுப்பிரியா முதலில் தடுமாறி, அப்புறம் பிடித்துக்கொண்டாள். கைது அட்டையை நீட்டி, மச்சத்தைச் சொன்னாள்; அன்றைக்கு இருபத்தேழு என்றால் இன்றைக்கு முப்பத்தேழுதான் ஆகும், இவருக்கோ நாற்பத்தைந்து என்று வயசையும் சொன்னாள்.

அரசு வக்கீல் எழுந்தார். நல்ல மனுஷன்தான், அவர் வேலையை அவர் பார்க்க வேண்டுமே. “வயசு அன்னைக்கு வாய்ல சொன்னதுதான், ஒண்ணும் சான்று இல்ல. மச்சத்தை எடுத்திருக்கலாம். ஆனா ரெண்டாவது அடையாளம் அப்படியே இருக்கு. வலது முன்கையில தீக்காயத் தழும்பு, பாருங்க” என்றார்.

இருளப்பசாமி கையை நீட்டிக் காட்டினான். கருகல் கருகலாக இருந்தது.  நீதிபதியம்மா குனிந்து பார்த்தார்.

“அது தீக்காயம் இல்லம்மா!”

கூட்டத்துக்குள்ளிருந்து சுடலையம்மாள். டவாலிச் சேவகன் ‘உஸ்’ என்றான். அவள் அடங்கவில்லை. “மாங்கா பாலும்மா. சித்திரையில வரும், ஆடியில உதுந்து போயிரும். மறு சித்திரையில மறுபடி வரும். ராசபாளையத்துல தோப்புக்குப் போற அம்புட்டுப் பேருக்கும் இருக்கும். இந்தா பாருங்க!” என்று இரண்டு கையையும் முழங்கை வரை உயர்த்திக் காட்டினாள். “எனக்கும் இருக்கு. அப்ப நானும் அந்த மண்டைய ஒடச்சேனா? என்னையும் புடிச்சு உள்ள போடுங்க!”

கோர்ட்டே சிரித்துவிட்டது. பின் பெஞ்சில் சாட்சி சொல்ல வந்திருந்த சுந்தரபாண்டியத்து மாந்தோப்புச் சம்சாரி ஒருவர் எழுந்து, “நெசந்தாம்மா, எனக்கும் இருக்கு” என்று சட்டைக் கையைச் சுருட்டினார். அரசு வக்கீல் கூட வாயைப் பொத்திக்கொண்டார். நீதிபதியம்மா மேஜையைத் தட்டினாலும் அவர் உதட்டோரத்துச் சிரிப்பை நான் பார்த்துவிட்டேன்.

சட்டையைக் கழற்றச் சொல்லி, பெஞ்ச் கிளார்க் போய் இருளப்பசாமியின் முதுகைப் பார்த்தார். விரலால் தடவியும் பார்த்தார். “மச்சமும் இல்லை, எடுத்த வடுவும் இல்லைங்கம்மா.”

அதற்குப் பிறகு வீரணன். கூண்டில் ஏறியதும் பழக்க தோஷத்தில் விறைப்பாக நின்று சல்யூட் அடித்தார். எல்லாவற்றையும் சொன்னார். தலையைக் குனியவில்லை, நேராகப் பார்த்தே சொன்னார். கேரளாவில் கொத்தன் இருளப்பன் வேலை பார்க்கிற ஊரையும் சொன்னார்.

“எத்தனை வருஷம் சர்வீஸ்?” என்று கேட்டார் நீதிபதியம்மா.

“முப்பத்திரெண்டு வருசம்மா.”

“எதுக்கு விசாரிக்கிறீங்கன்னு ஒரு கேள்வி கேட்டிருக்கலாமே?”

“கேட்டிருக்கணும்மா. பெருமையில கேக்க மறந்துட்டேன்.”

உத்தரவு மூன்று மணிக்கு வந்தது. உடனே விடுதலை. சரியான ஆள்தானா என்று பார்க்காமல் பிடித்ததற்கு ஸ்டேஷன் விளக்கம் கொடுக்க வேண்டும். பானுப்பிரியா கோர்ட் வராந்தாவில் சுடலையம்மாளைக் கட்டிக்கொண்டு குதித்தாள், கோட்டும் கவுனுமாக. நான் அதட்டலாம் என்று போனேன். என்னையும் சேர்த்துக் கட்டிக்கொண்டார்கள். நானும் சிரித்தேன். சிரித்ததைக் குமாஸ்தாக்கள் பார்த்துவிட்டார்கள்; இன்றைக்கு வரைக்கும் சொல்லிக்காட்டுகிறார்கள்.

காகிதம் மதுரை போய்ச் சேருவதற்குள் அடைப்பு நேரம் ஆகிவிட்டது. மறுநாள் காலையில்தான் விட்டார்கள். ஏழு மணிக்கெல்லாம் நாங்கள் சிறை வாசலில் நின்றோம். வீரணன் தன்னுடைய வெள்ளைச் சட்டை ஒன்றைத் தேய்த்துப் பையில் கொண்டுவந்திருந்தார். சின்னக் கதவு திறந்து, குனிந்து வெளியே வந்தான் இருளப்பசாமி, அதே கைலி, அதே வெறுங்கால். வெயில் கூசியிருக்கும். கையை நெற்றிக்கு வைத்துப் பார்த்தான்.

சுடலையம்மாள் ஓடவில்லை. நடந்து போய் முன்னால் நின்று அவன் முகத்தைத் தடவினாள். “மெலிஞ்சு போயிட்டீக” என்றாள்.

“ஆளாளுக்கு நாலாம் எதிரி, நாலாம் எதிரின்னு கூப்பிட்டாக சுடலை” என்றான் அவன்.  “எட்டு நாளு. ஒருவேள நாமதான் மறந்துட்டோமோ, எவனையும் அடிச்சுத்தான் இருக்கோமோன்னு எனக்கே தோண ஆரம்பிச்சிருச்சு.”

“உங்களுக்கு மறக்கும். எனக்கு மறக்காது” என்றாள் அவள்.

வீரணன் சட்டையை நீட்டினார். இருளப்பசாமி அவரைப் பார்த்தான், சட்டையைப் பார்த்தான். வாங்கிப் போட்டுக்கொண்டான். தோள் இரண்டு பக்கமும் தொங்கியது. “கொஞ்சம் பெருசா இருக்கு மச்சான்” என்றான். அந்த முப்பத்திரண்டு வருஷ சர்வீஸ் மனுஷர் திரும்பி நின்று மூக்கைச் சிந்தினார்.

மாட்டுத்தாவணியில் இட்லி சாப்பிட்டுவிட்டு ராஜபாளையம் பஸ் ஏறினோம். இருளப்பசாமி பன்னிரண்டு இட்லி சாப்பிட்டான். பஸ்ஸில் நல்ல கூட்டம். நாங்கள் மூன்று பேரும் முன்பக்க சீட்டில். வீரணனுக்குக் கடைசி சீட்டில்தான் இடம் கிடைத்தது. கிருஷ்ணன்கோவிலில் பாதிக் கூட்டம் இறங்கி, முக்கால் கூட்டம் ஏறியது. ஏறினவர்களில் ஒருத்தி இவர்களுக்குத் தெரிந்தவள், சுந்தரம்மாள் என்று. கூடையைக் காலடியில் வைத்தவுடனேயே ஆரம்பித்துவிட்டாள்.

“என்ன மதினி, குடும்பத்தோட எங்க போயிட்டு வாறீக? அண்ணன் ஏன் இப்படி வாடிக் கெடக்காரு?”

இருளப்பசாமி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். “ஆஸ்பத்திரிக்கு” என்று முணுமுணுத்தான்.

“ஆஸ்பத்திரி இல்ல மதினி” என்றாள் சுடலையம்மாள். “ஜெயிலுக்கு. மதுர ஜெயில்ல இருந்து எங்க வீட்டுக்காரரக் கூட்டிட்டு வாரேன்.”

பஸ்ஸில் பேச்சுச் சத்தம் பொட்டென்று நின்றது. கண்டக்டர் டிக்கெட் கிழிப்பதை விட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தார். இருளப்பசாமி, “ஏட்டி, சும்மா இரு” என்று அவள் முந்தானையை இழுத்தான். அவள் அதை விடுவித்துக்கொண்டு, மடியில் வைத்திருந்த பையைத் திறந்து, பிளாஸ்டிக் உறைக்குள் இருந்த உத்தரவு நகலை எடுத்தாள். நான்தான் மூன்று பிரதி போட்டுக் கொடுத்திருந்தேன்.

“அக்கா, வாசிங்க.”

“இங்கயா?”

“இங்கதான்.”

எழுந்து கம்பியைப் பிடித்துக்கொண்டேன். பஸ் குலுங்கியது. எத்தனையோ ஆயிரம் காகிதம் அடித்திருக்கிறேன், ஒன்றைக்கூட நின்றுகொண்டு நாலு பேர் முன்னால் வாசித்ததில்லை. தொண்டையைச் செருமினேன்.

“மேற்படி மலைச்சாமி மகன் இருளப்பசாமி என்பவர், இவ்வழக்கின் நான்காம் எதிரி அல்ல என்றும், எந்தக் குற்றமும் செய்யாத நபர் என்றும் இந்நீதிமன்றம்...”

“சத்தமா வாசிங்கக்கா” என்றாள் சுடலையம்மாள், புருஷன் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு. “கடைசி சீட்டு வரைக்கும் கேக்கணும்.”